அளந்தவன் கணக்கை அளப்பவர் யார்?

வரி கொடுப்பது குடியின் கடன். கேட்ட வரிக்குக் கணக்குக் காட்டுவது அரசின் கடன். முதற்கடனை ஆண்டுக்கு இருமுறை அச்சிட்ட தாளில் நினைவூட்டும் அலுவலகங்கள், இரண்டாங் கடன் என ஒன்று இருப்பதையே மறந்து போயின. மறந்தவர்க்கு நினைவூட்டும் உரிமை குடிக்கு உண்டு. அவ்வுரிமைக்குப் பெயரே மேல்முறையீடு. அதைக் கேட்கத் தெரியாத குடி, தன் வீட்டிற்குத் தானே குடிக்கூலி கொடுத்து வாழும் குடியாகிவிடும்.

பழனிமலைத் தொடரின் உச்சியில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பது கொடைக்கானல். 1845இல் அமெரிக்க மதுரைச் சமயப் பரப்புக் குழுவினர் வெம்மைக்கும் நோய்க்கும் அஞ்சி அங்குக் கட்டிய வீடுகளில் தொடங்கிய குடியிருப்பு அது. 1863இல் வெள்ளைய அலுவலர் லெவிஞ்சு என்பார் ஏரியை அமைத்தார். 1899இல் ஊர் நகராட்சியாயிற்று. மலையடியில் இருப்பது பழனி. தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் காவடியோடு வரும் கூட்டத்தால் வாழும் ஊர் அது. மேலே குளிர் தேடி வருவார்; கீழே முருகனைத் தேடி வருவார். இரண்டும் வந்து போவாரை நம்பி வாழும் ஊர்கள். ஆண்டின் சில கிழமைகளில் தெருவில் கால்வைக்க இடமிராது. எஞ்சிய நாள்களில் பூட்டிய கதவுகளை எண்ணிக்கொண்டு நடக்கலாம். இந்த ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொள்ளாத எந்த வரிக்கணக்கும் இவ்வூர்களில் பொய்க்கணக்காகவே முடியும்.

வரிக்கணக்கு எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நகராட்சி தன் எல்லையை மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு சதுர அடிக்குத் திங்களொன்றுக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை மதிப்பை வைத்துக்கொள்கிறது. வரித்தண்டலர் வந்து கட்டடத்தின் பரப்பை அளக்கிறார். அது குடியிருப்பா, கடையா, விடுதியா, தொழிலகமா என்று எழுதிக்கொள்கிறார். கற்காரைக் கூரையா, ஓட்டுக் கூரையா, கட்டடத்தின் அகவை எவ்வளவு, உரிமையாளர் குடியிருக்கிறாரா, பிறர் குடியிருக்கிறாரா என்பவற்றைக் குறிக்கிறார். இவற்றைப் பெருக்கியும் கழித்தும் ஆண்டுக் குடிக்கூலி மதிப்பு என்னும் ஓர் எண் பிறக்கிறது. அவ்வெண்ணின் மேல் வரி ஏறுகிறது. பரப்பு, மண்டலம், பயன், கூரை, அகவை ஆகிய ஐந்தில் ஒன்று பிழைத்தாலும் வரி பிழைத்தது. ஆனால், குடிமகன் கையில் வந்து சேரும் அறிவிப்பில் பெரும்பாலும் கடைசி எண்தான் இருக்கும். அந்த எண் எந்த ஐந்தால் ஆயிற்று என்று கேட்டால், கேட்டவன் குற்றவாளி போல நோக்கப்படுவான்.

சட்டம் என்ன சொல்லிற்று? தமிழ்நாட்டு நகராட்சிகளை நூறாண்டுக்கு மேல் ஆண்ட சட்டம் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். அதன் 82ஆம் பிரிவு ஆண்டு மதிப்புக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. ஒரு கட்டடத்தைத் திங்கள்தோறுமோ ஆண்டுதோறுமோ குடிக்கூலிக்கு விட்டால் தக்க முறையில் எவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாமோ, அதுவே ஆண்டுக் குடிக்கூலி. அதிலும் கட்டடத்திற்குரிய பங்கில் பத்தில் ஒன்றைப் பழுதுபார்க்கும் செலவுக்கெனக் கழித்தல் வேண்டும். 'தக்க முறையில்' என்னும் சொல்லே அவ்விலக்கணத்தின் உயிர். பேராசைக்காரன் கேட்கும் கூலியன்று. நெருக்கடியில் சிக்கியவன் கொடுக்கும் கூலியுமன்று. இயல்பான ஆண்டில், இயல்பான இருவரிடையே ஒப்புக்கொள்ளப்படும் கூலியே மதிப்பு. 2023 ஏப்பிரல் 13 முதல் 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறினும், மதிப்பு தக்கதாக இருத்தல் வேண்டும் என்னும் அறம் மாறவில்லை.

கொடைக்கானலில் ஒரு சிறு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்க. ஏப்பிரல், மே ஆகிய இரு திங்களில் அவ்வீட்டுக்குத் திங்களுக்கு 20,000 உருபா கிடைக்கிறது என்க. எஞ்சிய பத்துத் திங்களில் 5,000 உருபாவுக்கு ஆள் கிடைத்தால் நற்பேறு. ஆண்டு முழுமைக்கும் உண்மைக் குடிக்கூலி 90,000 உருபா. பத்தில் ஒன்று கழித்தால் 81,000. ஆனால், அளக்க வந்தவர் மே திங்களில் வந்து, மே திங்களின் கூலியைக் கேட்டு, அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 2,40,000. பத்தில் ஒன்று கழித்தால் 2,16,000. வீடு ஒன்றே, சுவரும் கூரையும் அவையே. மதிப்பு மட்டும் இரண்டரை மடங்கினும் மிகுந்துவிட்டது. ஆடித் திங்களின் மழையில் அவ்வீட்டின் முன் நின்று பார்த்தவர் எவரும் அவ்வெண்ணை எழுதத் துணியார். பழனி அடிவாரத்தில் தைப்பூச நாளின் அறைக்கூலியைக் கொண்டு ஆண்டைக் கணக்கிடுவதும் இவ்வகைப் பிழையே. திருவிழாக் கடையின் ஒருநாள் வருவாயைக் கொண்டு ஆண்டு வருவாயைக் கணக்கிடுவாரைக் கணக்கறிந்தார் என்று எவரும் சொல்லார்.

அண்மை ஆண்டுகளில் இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. மலைமேல் ஊர்திகள் அளவிறந்து ஏறுவதைத் தடுக்க, சென்னை உயர் முறைமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்வார்க்கு மின்வழி இசைவுச் சீட்டு வேண்டுமென்றாயிற்று. 2025 ஏப்பிரல் முதல் சூன் வரை வேலைநாள்களில் 4,000 ஊர்திகளும் கிழமை இறுதிகளில் 6,000 ஊர்திகளும் மட்டுமே விடப்பெற்றன. மலையைக் காக்க வந்த ஆணையைக் குறை சொல்வார் இலர், மலையிருந்தால்தான் ஊரிருக்கும். ஆனால், வருவார் எண்ணிக்கைக்கு அரசே வரம்பு கட்டியபின், வருவாரால் கிடைக்கும் குடிக்கூலிக்கும் ஒரு வரம்பு உண்டென்பதை அந்த அரசே ஒப்புக்கொள்ள வேண்டாவா? வருவாயைக் குறைக்க ஓர் ஆணை, வருவாய் குறையவேயில்லை என்பது போல வரி கேட்க ஓர் அறிவிப்பு என்று இரண்டும் ஒரே அஞ்சலில் வருவது முறையாகுமா?

மேல்முறையீட்டால் என்ன பயன் என்று சோர்ந்து பேசுவார் உளர். அவர் குண்டூர் வழக்கை அறிதல் வேண்டும். குண்டூர் நகராட்சி அன்று சென்னை மாகாணத்தின் அதே 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரி விதித்தது. குடிக்கூலிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தக்க கூலி என்று ஒன்றை வகுத்திருக்க, அதற்கு மேற்பட்ட கூலியை மதிப்பாக வைத்து வரி கேட்டது. ஊரின் வரி செலுத்துவோர் சங்கத்தார் எதிர்த்தனர். வழக்கு உச்ச முறைமன்றம் வரை சென்றது. ஒரு வீட்டின் உரிமையாளர் சட்டப்படி எவ்வளவு கூலி வாங்கலாமோ அதற்கு மேல் அவ்வீட்டை மதித்தல் கூடாது என்று 1970இல் தீர்ப்பாயிற்று. தக்க கூலி இன்னும் வரையறுக்கப்படாத வீட்டிற்கும் அதே நெறி பொருந்தும் என்றது அத்தீர்ப்பு. 1979 திசம்பரில் தௌலத்து ராய் கபூர் வழக்கிலும் உச்ச முறைமன்றம் அந்நெறியை மீண்டும் உறுதி செய்தது. ஒரு நகரத்துச் சிறு குடிமக்கள் ஒன்றுகூடி எழுப்பிய கேள்வி, நாடு முழுமைக்கும் நெறியாயிற்று என்பதே இதில் கொள்ளத்தக்க பாடம்.

அந்தக் கேடயம் இன்று தமிழ்நாட்டில் மெலிந்து போயிற்று. 1960ஆம் ஆண்டின் குடிக்கூலிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தக்க கூலியை வரையறுக்க வழி வைத்திருந்தது. 2019 பிப்பிரவரி 22 முதல் புதிய குடிக்கூலிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தை நீக்கிற்று. கூலி இனி இருவரின் உடன்படிக்கை. எனவே, கட்டுப்பாட்டுக் கூலி என்னும் மேல்வரம்பைக் காட்டி நிற்க முடியாது. எஞ்சி நிற்பது 'தக்க முறையில் எதிர்பார்க்கத்தக்க கூலி' என்னும் ஒரு சொல்லே. அச்சொல்லுக்குப் பொருள் எழுதுவார் யார்? வரி வாங்குபவரே எழுதினால் அது சட்டமாகாது, ஆசையாகும். ஆகவேதான் முன்னெக்காலத்தினும் இன்று மேல்முறையீட்டின் தேவை மிகுந்துள்ளது.

இனி, வரியேற்றத்தின் கதையைக் காண்க. சென்னையில் 1998க்குப் பின்னும் பிற நகரங்களில் 2008க்குப் பின்னும் பொதுச் சீராய்வு நெடுங்காலம் நடைபெறவில்லை. 2018 சூலையில் குடியிருப்புகளுக்கு 50 விழுக்காட்டிற்கும் பிறவற்றிற்கு 100 விழுக்காட்டிற்கும் மிகாமல் ஏற்றுமாறு ஆணை வந்தது. அப்போது தமிழ்நாட்டு நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பெற்ற மன்றமே இல்லை. 2016இல் மன்றங்களின் காலம் முடிந்து, தனி அலுவலர்களே ஆண்டனர். கொடுப்பவரின் பேராளர் ஒருவரும் அமராத அவையில் கொடுக்க வேண்டிய தொகை முடிவாயிற்று! எதிர்ப்பு வலுத்தபின், 2019 நவம்பரில் அவ்வாணை நிறுத்தி வைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டிய தொகை பின்வரும் வரியில் கழிக்கப்படும் என்றனர். முறையிட்டதால் விளைந்த பயன் அது. எவரும் இரங்கித் தந்த கொடையன்று.

2022 பிப்பிரவரி 19இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மன்றத்தார் இருக்கையில் அமர்ந்து ஒரு திங்கள் ஆகுமுன்னரே, ஏப்பிரல் முதல் நாள் வரியேற்றம் அறிவிக்கப்பட்டது. நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடு. 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கு மேல் 100 விழுக்காடு. வணிகக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடு. சிறு வீட்டிற்குக் குறைவாகவும் பெருவீட்டிற்கு மிகுதியாகவும் வைத்ததில் ஒரு நேர்மை உண்டென்பதை மறுக்க வேண்டுவதில்லை. ஆனால், குறை வேறிடத்தில் இருக்கிறது. இவ்வேற்றங்கள் யாவும் பழைய மதிப்பின் மேல் ஏறுபவை. பழைய மதிப்பே பிழையாயின், 25 விழுக்காடும் பிழையின் மேல் ஏறும். முன்னர்க் காட்டிய வீட்டின் மதிப்பு 81,000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2,16,000 என்று எழுதப்பட்டிருந்தால், ஒவ்வோர் ஏற்றமும் அப்பிழையை வளர்த்துக்கொண்டே போகும். ஆண்டுதோறும் 6 விழுக்காடு ஏற்றும் முறையும் புதிய நெறிகளில் இடம்பெற்றது. 2024இல் சென்னை மாநகராட்சி அவ்வாறு ஏற்றத் தீர்மானம் இயற்றியது. ஆண்டுக்கு 6 விழுக்காடு என்பது செவிக்குச் சிறிதாக ஒலிக்கும். இடைவிடாது ஏறினால் பன்னிரண்டே ஆண்டில் நூறு இருநூறாகும். பிழையும் உடன் இரட்டிக்கும். ஏற்றத்தை எதிர்த்துக் கூக்குரலிடுவதோடு நின்றுவிட்டு, அடிப்படை மதிப்பைக் கேள்வி கேளாமல் விடுபவன், வேரை விட்டுக் கிளையை வெட்டுபவன்.

இவ்வேற்றத்தின் ஊற்று எங்கே உள்ளது? பதினைந்தாம் நிதிக்குழு, நகர்ப்புற உள்ளாட்சிகள் மானியம் பெறுவதற்கு ஒரு கட்டளை வைத்தது. 2021-22க்குள் சொத்துவரிக்குக் குறைந்த அளவு ஒன்றை அறிவித்தாக வேண்டும். பின்னர், மாநிலத்தின் உற்பத்தி வளர்ச்சிக்கு ஒப்ப வரித் தண்டலும் வளர்ந்தாக வேண்டும். தமிழ்நாட்டு மக்கள் பல வழிகளில் கொடுத்த வரிப்பணத்தின் ஒரு பங்கைத் திரும்பப் பெறுவதற்கு, அம்மக்களிடமே இன்னும் கூடுதலாகத் தண்டிக் காட்ட வேண்டும் என்பது இதன் பொருள். மாநிலத்தின் மொத்த உற்பத்தி வளர்வது சென்னையின் ஊர்தித் தொழிற்சாலையாலும் கோவையின் ஆலையாலும் இருக்கலாம். பூம்பாறையில் பூண்டு விளைவிப்பவரின் வருவாயும் கொடைக்கானல் கடைத்தெருவில் சோளம் சுட்டு விற்பவளின் வருவாயும் அதனோடு ஒப்ப வளர்ந்தனவா? தில்லியில் எழுதிய ஓர் எண், சென்னையில் ஆணையாகி, மலைமேல் அறிவிப்பாக வந்து இறங்குகிறது. நகர்மன்றம் அதற்கு முத்திரை இடுவதோடு சரி. தன்னாட்சி என்னும் சொல்லைப் பெயர்ப்பலகையில் மட்டும் எழுதி வைத்திருப்பது எதற்கு?

சரி, முறையிடலாம் என்று ஒரு குடிமகன் புறப்படுகிறான். எங்குச் செல்வான்? முதலில் வரி விதித்த அலுவலகத்திற்கே சென்று, விதித்த ஆணையரிடமே சீராய்வு கேட்டல் வேண்டும். அடுத்து, நகர்மன்ற உறுப்பினரே அமரும் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு. ஊர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் கேட்பது ஒருவகையில் நன்றே. அவர் தெருவை அறிவார், வீட்டை அறிவார். எனினும், அந்நகராட்சியின் கருவூலம் நிரம்ப வேண்டும் என்னும் கவலையும் அவருக்கே உண்டு. ஒரு கையால் கேட்பவரும் மறு கையால் தீர்ப்பவரும் ஒருவராயின், தீர்ப்புக் கை எப்பக்கம் சாயும்? கட்சியும் சாதியும் அறிமுகமும் அங்கு நுழைய எத்தனை நொடி வேண்டும்? அதற்கும் மேல் செல்ல வேண்டுமாயின் வழக்கு மன்றம். வழக்குரைஞர் கூலி, பயணம், இழந்த நாட்கூலி என்று எண்ணிப் பார்த்தால், எதிர்க்கும் வரியினும் எதிர்க்கும் செலவு மிகும். சிறு தொகைக்கு நேர்ந்த கேட்டைத் தீர்க்கப் பெருந்தொகை வேண்டும் என்று இருந்தால், அந்த உரிமை தாளில் உறங்கும் உரிமையே.

இதனினும் கொடிது, 'முதலில் கட்டு, பின்னர்ப் பேசு' என்னும் நெறி. அகமதாபாத்தின் அனந்து மில்சு வழக்கில், வரித்தொகையைக் கட்டிய பின்னரே மேல்முறையீட்டைக் கேட்கலாம் என்னும் குசராத்துப் பகுதியின் மாநகராட்சிச் சட்டப் பிரிவை உச்ச முறைமன்றம் 1975இல் ஏற்றுக்கொண்டது. மேல்முறையீட்டு உரிமை சட்டம் தருவது. தரும் சட்டமே அதற்குக் கட்டளையும் வைக்கலாம் என்றது. தில்லியின் சியாம் கிசோர் வழக்கில் 1992இல் அதே நெறி மீண்டும் ஏற்கப்பட்டது. ஆலை முதலாளிக்கு இந்நெறி ஒரு தொல்லை. அவர் கட்டிவிட்டுப் பத்தாண்டு வழக்காடுவார். ஓட்டு வீட்டுக் கைம்பெண்ணுக்கோ அது அடைத்த கதவு. சட்டத்தின் முன் இருவரும் ஒப்பு என்று சொல்வது எளிது. பசித்தவனிடம் முதலில் விருந்தின் விலையைக் கேட்டுவிட்டுப் பின்னர் இலை போடும் ஒப்புரவு அது.

பிற நாடுகளில் எவ்வாறு உள்ளது? இங்கிலாந்தில் வீடுகளை 1991 ஏப்பிரல் முதல் நாளின் விலையை வைத்துப் படிநிலைகளாகப் பிரித்து வரி விதிக்கின்றனர். மூன்று பத்தாண்டு கடந்தும் பழைய விலையையே பற்றி நிற்பது அம்முறையின் குறை. ஆனால், தன் வீடு தவறான படியில் வைக்கப்பட்டது என்று கருதுபவர், வரி வாங்கும் ஊராட்சியைச் சாராத தனித் தீர்ப்பாயத்தில் கட்டணமின்றி முறையிடலாம். அமெரிக்காவின் கலிபோர்னிய மக்கள் 1978இல் வாக்களித்துச் சொத்துவரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டிற்கும், மதிப்பின் ஆண்டேற்றத்தை 2 விழுக்காட்டிற்கும் வரம்பு கட்டினர். அதனால் பழைய உரிமையாளர் குறைவாகவும் புதிதாக வாங்குபவர் மிகுதியாகவும் கொடுக்கும் கோணல் விளைந்தது என்பதும் உண்மை. அங்கும் மதிப்பை எதிர்த்து முறையிடத் தனி வாரியங்கள் உண்டு. எம்முறையும் குறையற்றதன்று. ஆயினும், அளப்பவர் வேறு, தீர்ப்பவர் வேறு என்னும் வேறுபாட்டை அவர்கள் பேணுகின்றனர்.

வேற்று நாட்டாரிடம்தான் இதைக் கற்க வேண்டும் என்பதில்லை. வரியின் அளவைப் பற்றி அரசனின் முகத்துக்கு நேரே பேசிய மரபு தமிழருடையது. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் வரித்தண்டலின் அளவைப் பற்றி அறிவுரை கூறியதைப் புறநானூறு காத்து வைத்துள்ளது. யானைக்கு விளைச்சலை அளந்து ஊட்டுவதும், யானையை வயலில் அவிழ்த்து விடுவதும் ஒன்றல்ல என்பதே அவர் எடுத்துக்காட்டு. சோழராட்சியில் நிலத்தை அளந்து கணக்கு வைக்கப் புரவுவரித் திணைக்களம் என்றே ஒரு துறை இருந்தது. அளந்த கணக்கு கல்லில் வெட்டப்பட்டு எவரும் படிக்க நின்றது. 1429இல், விசயநகர ஆட்சியின் கீழ் அலுவலரும் நிலவுடைமையாளரும் வரம்பு கடந்து தண்டியபோது, வலங்கையாரும் இடங்கையாரும் தம் பகையை ஒதுக்கிவிட்டு ஒன்றுகூடினர். இன்னின்ன வரிக்கு இவ்வளவே கொடுப்போம் என்று தாமே வகுத்து, ஆடுதுறை முதலான ஊர்க் கோயில்களில் கல்லில் வெட்டினர். ஐந்நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கல்லில் வெட்டிய துணிவு, இன்று தாளில் எழுதவும் தயங்குவது ஏன்?

தயக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் வரலாறு விடை சொல்லும். வெள்ளையராட்சியில் வரித்தண்டலுக்காகக் குடிகள் துன்புறுத்தப்படுவதை உசாவ அமைந்த சென்னை மாகாணக் குழு 1855இல் தன் அறிக்கையைத் தந்தது. வரி வாங்குவதற்காகக் கீழ்நிலை அலுவலர் குடிகளை வதைப்பது உண்மையே என்று வெள்ளையரின் குழுவே ஒப்புக்கொண்டது. முறையிட நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்ததும் செலவும் அச்சமும் குடிகளை வாய் மூட வைத்தன என்பதும் அவ்வறிக்கையால் வெளிப்பட்டது. வதை போயிற்று; ஆயின், தொலைவும் செலவும் அச்சமும் போகவில்லை. பழனி மலையடியில் விருப்பாச்சியை ஆண்ட கோபால் நாயக்கர் வெள்ளையரை எதிர்த்து நின்று 1801இல் தூக்கிலிடப்பட்டார். அம்மண்ணில் பிறந்தவர் ஒரு மேசைக்கு முன் நின்று 'என் கணக்கைக் காட்டுங்கள்' என்று சொல்ல அஞ்சுவது அம்மண்ணுக்கு அழகன்று.

'எல்லாரும் வரியைக் குறைக்கக் கேட்டால் ஊர் எப்படி நடக்கும்? குப்பையை யார் அள்ளுவார்? குடிநீர் யார் தருவார்?' என்று ஒரு மறுப்பு எழும். நேர்மையான மறுப்பே, நேர்மையான விடை அதற்கு உண்டு. மேல்முறையீடு என்பது வரி மறுப்பன்று. சரியான மதிப்பைக் கேட்பது. சரியான மதிப்பைக் கேட்டால் சிலர்க்குக் குறையும், சிலர்க்குக் கூடும். யார்க்குக் கூடும் என்பதைக் கொடைக்கானலே காட்டும். இசைவின்றி உயர்மாடி எழுப்பிய விடுதியொன்றின் கூடுதல் தளங்களைப் பற்றிய வழக்கு 1995இல் உச்ச முறைமன்றம் வரை சென்று, விடுதிக்கு எதிராகத் தீர்ந்தது. 2018, 2019 ஆண்டுகளில் இசைவற்ற கட்டடங்கள் ஆயிரத்துக்கு மேல் உள்ளனவென்று உயர் முறைமன்றத்தில் வெளிப்பட்டு, அவற்றை முத்திரையிடும் பணி நடந்தது. ஒரு சிறு வீட்டின் அடுப்பங்கரையை அடிக்கணக்கில் அளந்த கண், மலைச்சரிவில் எழுந்த மாடிகளை ஆண்டுக்கணக்கில் காணாதிருந்தது எவ்வாறு? காணாத அந்த மாடிகளை உரிய காலத்தில் கண்டிருந்தால், ஓட்டு வீட்டின் மேல் ஏற்றும் சுமையில் எவ்வளவு குறைந்திருக்கும்! எனவே, நகராட்சியின் வருவாய்க்கு உண்மையான பகைவன் முறையிடும் ஏழையல்லன். முறையிடாமலே குறைத்துக் கட்டும் செல்வன்.

முறையிடுவார் செய்யத்தக்கன சில உள. வரி அறிவிப்பு வந்த நாளைக் குறித்து வைத்தல் வேண்டும். முறையீட்டுக்குரிய கெடு அந்நாளிலிருந்தே ஓடும். கெடு கடந்த முறையீடு, நீர் வடிந்தபின் கட்டிய அணை. மதிப்புக் கணக்குத் தாளைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். தர மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து உருபாக் கட்டணத்தில் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், முப்பது நாளில் விடை தந்தாக வேண்டும். பரப்பைத் தாமே அளந்து பார்த்தல் வேண்டும். மண்டலம், பயன், கூரை, அகவை ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தல் வேண்டும். அதே தெருவில் அதே அளவினதான வீட்டிற்கு என்ன வரி என்று ஒப்பிடுதல் வேண்டும். பருவ ஊரில் வாழ்பவர் பன்னிரண்டு திங்களின் குடிக்கூலியையும் தனித்தனியே எழுதிச் சான்றுகளோடு காட்டுதல் வேண்டும். முறையீட்டைத் தமிழில் எழுதி, பெற்றமைக்குக் கையொப்பமும் முத்திரையும் வாங்குதல் வேண்டும். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை இந்நாட்டு ஆட்சிமொழியாக்கியது. தமிழில் கேட்பதற்கு எவர் இசைவும் வேண்டுவதில்லை. வரியைக் கட்ட நேர்ந்தாலும், 'மறுப்புடன் கட்டப்பட்டது' என்று எழுதிக் கட்டுதல் வேண்டும். வாய்மொழி விடையை விடையென்று கொள்ளாமல், கரணியம் கூறும் எழுத்துவழி ஆணையைக் கேட்டல் வேண்டும். கரணியமில்லாத ஆணை மேல்மன்றத்தில் நில்லாது. எல்லாவற்றிற்கும் மேலாக, தனியாகச் செல்லாமல் தெருவாகச் செல்லுதல் வேண்டும். குண்டூரில் வென்றது ஒரு வீட்டாரல்லர், ஒரு சங்கம்.

அரசிடம் கேட்கத்தக்கனவும் உள. ஒன்று: ஒவ்வொரு வரி அறிவிப்பின் பின்புறத்திலும் மதிப்பு பிறந்த கணக்கு முழுமையாக, தமிழில் அச்சிடப்படல் வேண்டும். இரண்டு: தெருவாரியாக எல்லாக் கட்டடங்களின் பரப்பும் மதிப்பும் நகராட்சி அலுவலகச் சுவரில் எவரும் காண ஒட்டப்படல் வேண்டும், மாளிகையின் கணக்கைக் குடிசை காணட்டும். மூன்று: வரி வாங்கும் மன்றத்தைச் சாராத தனித் தீர்ப்பாயம், கட்டணமின்றி, கொடைக்கானலுக்கும் பழனிக்கும் நேரில் வந்து அமர்ந்து கேட்டல் வேண்டும். நான்கு: சிறு வீட்டினர்க்கு முன்கட்டுத் தொகை வேண்டா, முறையீடு முடியும்வரை தண்டமும் வட்டியும் ஏறுதல் கூடாது. ஐந்து: பருவ ஊர்களுக்கென ஆண்டு முழுமையின் இயல்பான கூலியைக் கணக்கிடும் தனி முறை வகுக்கப்படல் வேண்டும். இவற்றுள் எதுவும் கருவூலத்தைக் கொள்ளையிடும் வேண்டுகை அன்று. கணக்கு நேராக இருந்தால் காட்டுவதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. காட்ட மறுக்கும் கணக்கே கோணலுக்குச் சான்று.

வீடென்பது தமிழனுக்கு வெறும் சதுர அடியன்று. தந்தை தோளில் கல் சுமந்து மலையேற்றிக் கட்டியது; தாய் சாணம் மெழுகிக் காத்தது; பிள்ளை பிறந்ததும் பெரியவர் மறைந்ததும் அதன் கூரைக்கீழ். அதை மதிப்பிட வருபவர் நேர்மையான கோலோடு வரட்டும். நேர்மையான வரியைத் தமிழ்க்குடி என்றும் மறுத்ததில்லை. கோல் கோணினால், கோணலைச் சுட்டும் விரல் ஒவ்வொரு வாசலிலும் எழட்டும். மலைமேல் ஒரு தெரு எழுந்தால் அடிவாரத்தில் ஓர் ஊர் எழும். ஊர் எழுந்தால் நாடு எழும். கணக்கைக் கேட்கும் குடியே ஆளும் குடி. கேளாத குடி என்றும் அளக்கப்படும் குடி.